சோலார் தொழிலில் காசு யார் கையில் நிற்கிறது? இப்போது இறங்கலாமா?

திண்டுக்கல்_வயர்மேன்:

எல்லோருக்கும் வணக்கம். இருபத்திரண்டு வருடமாக எலக்ட்ரிகல் கான்ட்ராக்ட் வேலை செய்கிறேன். வீட்டு வயரிங், கல்யாண மண்டபம், இரண்டு நூல் மில்லுக்கு மெயின்டனன்ஸ். லைசென்ஸ் இருக்கிறது, வேலைக்கு நான்கு பையன்கள் இருக்கிறார்கள். போன வருடத்திலிருந்து வயரிங் வேலைக்குப் போகிற வீட்டிலெல்லாம் "சோலாரும் போட்டுத் தருவீர்களா" என்றுதான் கேட்கிறார்கள். போதாக்குறைக்கு மைத்துனன் வேறு, "இன்னும் எத்தனை நாளைக்கு சுவிட்ச் போர்டு மாட்டிக்கொண்டு இருப்பீர்கள் மாமா" என்று வாரத்துக்கு ஒரு தடவை ஏற்றிவிட்டுப் போகிறான்.

2024 பிப்ரவரியில் ஆரம்பித்த பிரதமரின் சூர்ய கர் திட்டத்தில் ஒரு கோடி வீட்டுக்கு சோலார் என்கிறார்கள். முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000, ஆக 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் அதே 78,000தான். இதைப் பார்த்தால் கூட்டம் அலைமோதும் தொழில் போலத்தான் தெரிகிறது. ஆனால் எங்கள் ஊரில் என் கண் எதிரே ஒன்றரை வருடத்தில் ஆறு சோலார் கடை திறந்து, அதில் இரண்டு இப்போது செல்போன் கவர் விற்கின்றன. அதுதான் உறுத்துகிறது.

மகள் எம்பிஏ படிக்கிறாள். அவள் பாடத்தில் மைக்கேல் போர்ட்டர் என்பவர் 1979-ல் எழுதிய ஐந்து சக்திகள் என்று ஒன்று வருகிறதாம். புதிதாக நுழைகிறவன், சரக்கு கொடுக்கிறவன், வாங்குகிறவன், மாற்றாக வருகிற பொருள், ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் தங்களுக்குள் அடித்துக்கொள்வது. இந்த ஐந்தும் எவ்வளவு பலமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு லாபம் ஒல்லியாகும் என்று சொல்லி, நோட்டில் சோலாருக்குப் படம் போட்டுக் காட்டினாள். ஐந்திலும் சிவப்பு மை. "அப்படியென்றால் இதில் யாருமே சம்பாதிக்கவில்லையா" என்று கேட்டேன், அவளுக்குப் பதில் தெரியவில்லை.

பேனல் கம்பெனிப் பங்குகள் எல்லாம் ஏறியதாகச் செய்தி வருகிறது, கடை போட்டவன் மூடுகிறான். காசு எங்கே நிற்கிறது? உள்ளே இருக்கிறவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும். கையில் எட்டு லட்சம் இருக்கிறது. நகை அடகு வைக்கிற எண்ணம் இல்லை.

ஈரோட்டுக்_கூரை:

அண்ணே, நான் 2017-லிருந்து இந்த வேலையில் இருக்கிறேன். முதலில் கணக்கைப் போடுவோம், சக்தியெல்லாம் அப்புறம்.

3 கிலோவாட் ஆன்-கிரிட், அதாவது மின்வாரிய லைனோடு இணைப்பது. மானியத்துக்கான டிசிஆர் பேனல், அதாவது உள்நாட்டிலேயே செய்தது. எங்கள் பக்கம் இப்போது ஓடுகிற விலை ஜிஎஸ்டியோடு 1,85,000. ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22-லிருந்து பொருளுக்கு 5 சதவீதம் ஆகிவிட்டது, கூலிப் பகுதிக்கு 18. எழுபதுக்கு முப்பது என்று பிரித்துப் போட்டால் மொத்தத்தில் 8.9 சதவீதம் வரும். அதைக் கழித்தால் உங்கள் கைக்கு வருவது சுமார் 1,70,000. இனி செலவு, வரி நீங்கலாக: 540 வாட் பேனல் ஆறு, வாட்டுக்கு 23 ரூபாய் என்று நான் வாங்கிய விலையில் கிட்டத்தட்ட 75,000. இன்வெர்ட்டர் 24,000. பேனலைத் தாங்குகிற ஜிஐ ஸ்ட்ரக்சர் 24,000, அதுவும் மாடி சமமாக இருந்தால். டிசி கேபிள், ஏசி-டிசி பெட்டிகள், மூன்று எர்த்திங், இடிதாங்கி எல்லாம் சேர்த்து 18,000. ஆள் கூலி 12,000. மீட்டர், விண்ணப்பச் செலவு 8,000. வண்டி வாடகை 4,000. கூட்டுங்கள். 1,65,000.

மிச்சம் ஐயாயிரம். அந்த ஐயாயிரத்துக்கு நீங்கள் ஐந்து வருடம் பராமரிப்பு பார்க்க வேண்டும், திட்ட விதியே அதுதான். மூன்றாவது வருடம் இன்வெர்ட்டர் ஒன்று போய் இரண்டு தடவை ஐம்பது கிலோமீட்டர் ஓடினால் அந்த வீட்டில் நீங்கள் சம்பாதித்தது பெட்ரோலுக்குச் சரி.

"1,85,000-க்கு ஏன் கொடுக்கிறாய், 2,10,000 கேள்" என்பீர்கள். கேட்டுப் பார்த்தேன். வாடிக்கையாளர் சட்டைப்பையில் ஏற்கெனவே நான்கு கொட்டேஷன் இருக்கும், அதில் ஒன்று 1,72,000 என்று இருக்கும். அந்த ஆள் எப்படிக் கொடுக்கிறான் என்றால் ஒன்று ஸ்ட்ரக்சரில் கை வைப்பான், இல்லை எர்த்திங்கில் மண்ணைப் போட்டு மூடுவான், இல்லை அவனுக்கே தெரியாமல் நட்டத்தில் போய்க்கொண்டிருப்பான். மூன்றாவது வகைதான் அதிகம், அவனோடு போட்டி போடுவதுதான் கஷ்டமும்கூட. ஏமாற்றுகிறவனை வாடிக்கையாளரிடம் காட்டிக்கொடுக்கலாம், கணக்குத் தெரியாதவனை என்ன செய்வது?

உள்ளே வர இங்கே தடை என்று எதுவும் இல்லை. ஜிஎஸ்டி நம்பர், வெண்டர் பதிவு, ஒரு வங்கி உத்தரவாதம், வாட்ஸ்அப்பில் ஒரு போஸ்டர். போதும். 2024-ல் மானியம் வந்ததும் ஏசி மெக்கானிக், இன்டீரியர் ஆள், ரியல் எஸ்டேட் புரோக்கர் எல்லோரும் வெண்டர் ஆனார்கள். 10 கிலோவாட் வரைக்கும் மின்வாரியத்தின் சாத்தியக்கூறு ஆய்வு தேவையில்லை என்று 2024-லேயே மத்திய விதியை மாற்றினார்கள், வாடிக்கையாளருக்கு நல்லதுதான், ஆனால் அதுவரை "எனக்கு ஆபீஸில் ஆள் தெரியும்" என்று சொல்லிப் பிழைத்தவர்களுக்கு இருந்த ஒரே வேலியும் போயிற்று. (அதற்காக நான் அழவில்லை.)

இன்னொன்றையும் பாருங்கள். மானியம் வாடிக்கையாளர் வங்கிக் கணக்குக்குத்தான் போகும். "மானியம் வரட்டும், மீதியைத் தருகிறேன்" என்று 60,000, 70,000-ஐப் பிடித்துவைப்பார்கள். மீட்டர் வந்து, ஆய்வு முடிந்து, பணம் ஏறுவதற்குள் ஒன்றரை இரண்டு மாதம் ஓடிவிடும். டிஸ்ட்ரிபியூட்டரோ பேனலை இறக்கும் முன்பே முழுப் பணம் கேட்பார். மாதம் பத்து வீடு செய்தால் உங்கள் எட்டு லட்சம் முழுக்க அடுத்தவர்கள் மாடியில் காய்ந்துகொண்டிருக்கும். கடை மூடியவர்களில் பாதிப்பேர் நட்டத்தில் மூடவில்லை, கைப்பணம் வற்றித்தான் மூடினார்கள்.

மகளிடம் சொல்லுங்கள், படம் சரியாகத்தான் போட்டிருக்கிறாள். ஆனால் ஆறாவதாக ஒரு கட்டம் வேண்டும். அது அரசாங்கம். எங்கள் தொழிலில் எல்லாவற்றையும் ஆட்டிவைப்பது அதுதான்.

முன்னாள்_மாட்யூல்:

ஈரோட்டுக்காரர் கணக்கு சரி. ஆறாவது கட்டம் அரசாங்கம் என்பதில்தான் எனக்கு ஒப்புதல் இல்லை. நான் பேனல் ஃபேக்டரியில் ஏழு வருடம் புரடக்‌ஷனில் இருந்தவன், இப்போது வேறு துறைக்குப் போய்விட்டேன். அங்கிருந்து பார்த்தால் எங்களை ஆட்டிவைத்தது சீனாவின் உற்பத்தி அளவு. நம் அரசாங்கம் செய்ததெல்லாம் அதற்கு எதிராகப் போட்ட கரை. கரையின் உயரத்தை மாற்றிக்கொண்டே இருந்தார்கள், அவ்வளவுதான்.

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பேனல் என்பது கடைசிப் படி. முதலில் பாலிசிலிக்கான் என்ற சுத்தமாக்கிய சிலிக்கான், அதை உருக்கி இங்காட் என்ற கட்டி, அதை அறுத்து வேஃபர் என்ற மெல்லிய தகடு, அதில் வெயிலை மின்சாரமாக்குகிற செல், செல்லைக் கோத்துக் கண்ணாடிக்குள் வைத்தால் மாட்யூல், அதாவது பேனல். 2022-ல் சர்வதேச எரிசக்தி முகமை கொடுத்த அறிக்கைப்படி இந்த எல்லாப் படிகளிலும் சீனாவின் பங்கு 80 சதவீதத்துக்கு மேல். நம் ஊரில் "மேக் இன் இந்தியா பேனல்" என்று சொன்னதில் பெரும்பகுதி, சீனாவிலிருந்து செல் வாங்கி இங்கே கோத்து ஃபிரேம் அடித்ததுதான். தப்பில்லை, அதுவும் வேலைதான், ஆனால் விலையைத் தீர்மானிக்கிற இடம் நம்முடையதாக இல்லை.

2022-ல் பாலிசிலிக்கான் கிலோ 35 டாலருக்கு மேல் போனது. எங்கள் மேனேஜர் தினமும் காலையில் டீ குடிப்பதற்கு முன்னால் அந்த விலையைத்தான் பார்ப்பார், முகத்தைப் பார்த்தே எங்களுக்கு விலை தெரிந்துவிடும். அந்த லாபத்தைப் பார்த்துச் சீனாவில் ஆளாளுக்குப் புது ஆலை கட்டினார்கள். 2023 நடுவில் பத்து டாலருக்குக் கீழே விழுந்தது. பேனல் விலையும் கூடவே சரிந்தது, 2024-ல் உலகச் சந்தையில் வாட்டுக்கு பத்து சென்ட் பக்கம் வந்துவிட்டது. லோங்கி, டோங்வெய் மாதிரி சீன ஜாம்பவான்களே 2024-ல் பல நூறு கோடி யுவான் நட்டம் காட்டினார்கள். அவர்கள் ஊரிலேயே இதற்கு ஒரு சொல் புழங்குகிறது, நெய்ஜுவான். ஒரே இடத்தில் சுழன்று சுழன்று ஒருவரை ஒருவர் நசுக்கிக்கொள்வது என்று வைத்துக்கொள்ளலாம். சீன அரசே கூப்பிட்டு "விலையைக் குறைத்து அடித்துக்கொள்ளாதீர்கள்" என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இது முதல் தடவையும் இல்லை. ஜெர்மனியின் க்யூ-செல்ஸ் ஒரு காலத்தில் உலகத்திலேயே பெரிய செல் கம்பெனி, 2012-ல் திவால். சீனாவின் சன்டெக் பிறகு முதலிடத்துக்கு வந்தது, 2013-ல் அதன் முக்கிய யூனிட் திவால். அப்புறம் இங்லி முதலிடம், அதுவும் கடனில் மூழ்கியது. இந்தத் தொழிலில் முதலிடம் பிடித்தவர்கள் பலருடைய கதை இப்படித்தான் போயிருக்கிறது. காரணம் பெரிய ரகசியம் இல்லை. ஒருவருடைய 540 வாட் பேனலுக்கும் இன்னொருவருடைய 540 வாட் பேனலுக்கும் வித்தியாசம் மாடிக்குப் போன பிறகு யாருக்கும் தெரியாது. அரிசியிலாவது பொன்னி, சீரகச் சம்பா என்று ருசி இருக்கிறது.

மெஷினும் அப்படித்தான். நான் சேர்ந்தபோது மல்டி கிரிஸ்டலைன் என்ற செல் வகை ஓடியது. அது போய் மோனோ பெர்க் வந்தது, கடன் வாங்கிப் புது லைன் போட்டார்கள். அந்தக் கடன் முடிவதற்குள் டாப்கான் என்ற அடுத்த வகை வந்துவிட்டது. மெஷினுக்கு வயதாகவில்லை, வேலைதான் இல்லை.

இனி கரை விஷயம். 2018-ல் பாதுகாப்பு வரி 25 சதவீதம். 2022 ஏப்ரலில் மாட்யூலுக்கு 40, செல்லுக்கு 25 சதவீத சுங்க வரி. கூடவே ஏஎல்எம்எம் என்ற அங்கீகாரப் பட்டியல், அதில் பெயர் இல்லாத பேனலைக் குறிப்பிட்ட திட்டங்களில் போட முடியாது. 2023-24-ல் அதை ஒரு வருடம் நிறுத்திவைத்து 2024 ஏப்ரலில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இந்த நிழலில்தான் இங்கே ஃபேக்டரிகள் முளைத்தன. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் அமெரிக்காவின் ஃபர்ஸ்ட் சோலார் 2024 ஜனவரியில் ஆலை திறந்தது, அது சிலிக்கானே இல்லாத காட்மியம் டெல்லூரைடு வகை, பாலிசிலிக்கான் விலை அவர்களைத் தொடாது. கங்கைகொண்டானில் டாடா பவரின் ஆலை, செல்லும் மாட்யூலும் இரண்டும் செய்கிறது. 2025 ஆகஸ்டில் பட்டியலில் உள்ள மாட்யூல் திறன் 100 கிகாவாட்டைத் தாண்டியது. ஆனால் 2024-25-ல் நாடு முழுக்கப் புதிதாக நிறுவிய சோலாரே 24 கிகாவாட் பக்கம்தான். மீதி எங்கே போகும்? அமெரிக்காவுக்கு அனுப்பலாம் என்றிருந்தார்கள், 2025-ல் அங்கேயும் வரி ஏறியது. ஆக, சீனாவில் நடந்தது மாட்யூல் அளவில் இங்கேயும் நடக்கப் போகிறது என்பது என் கணிப்பு.

திண்டுக்கல் அண்ணன் கேட்ட "காசு எங்கே நிற்கிறது" என்பதற்கு என் பதில்: எந்தப் படியில் வாசல் குறுகலோ அங்கே. இன்றைக்கு இந்தியாவில் அது செல். மாட்யூல் 100 கிகாவாட் இருக்கும்போது செல் 2025 மார்ச்சில் சுமார் 25-தான். டிசிஆர் பேனலுக்குச் செல்லும் இந்தியாவில் செய்ததாக இருக்க வேண்டும், அதனால்தான் சாதாரணப் பேனலைவிட வாட்டுக்கு ஏழு, எட்டு, சில நேரம் பத்து ரூபாய்கூட அதிகம். ஈரோட்டுக்காரர் எண்ணிய 75,000-ல் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு அந்தக் குறுகல் வாசலுக்குக் கட்டுகிற சுங்கம். இந்த மானியத்தில் ஒரு பகுதி வாடிக்கையாளர் பெயரில் வந்து செல் ஆலைக்குப் போய்ச் சேர்கிறது. 2026 ஜூன் முதல் செல்லுக்கும் தனிப் பட்டியல் என்று அறிவித்திருக்கிறார்கள், அதை நம்பி எல்லோரும் இப்போது செல் ஆலை கட்டுகிறார்கள். எல்லோரும் கட்டி முடித்ததும் வாசல் அகலமாகிவிடும்.

ஈரோட்டுக்_கூரை:

வாசலைக் குறுக்கியதும் அரசாங்கம்தானே சார்? நான் சொன்னதையேதான் நீங்கள் சுற்றி வந்து சொல்கிறீர்கள் :) 2021 அக்டோபரில் ஜிஎஸ்டியை 5-லிருந்து 12 ஆக்கினார்கள், கையிலிருந்த ஏழு ஆர்டரில் வித்தியாசத்தை நான்தான் தாங்கினேன். சீனாக்காரன் வந்து என்னிடம் அதை வாங்கவில்லை.

முன்னாள்_மாட்யூல்:

சரி, உங்கள் ஏழு ஆர்டர் விஷயத்தில் தோற்றேன். ஆனால் 2017 மே மாதம் ராஜஸ்தானில் பட்லா சோலார் பார்க் ஏலத்தில் மின்சாரம் யூனிட் 2.44 ரூபாய்க்கும், 2020 டிசம்பரில் குஜராத் ஏலத்தில் 1.99-க்கும் விலை போனதே, அது எந்த அரசாணையாலும் வந்ததில்லை. பேனல் மலிவானதால் வந்தது.

பல்லடம்_ஸ்பிண்டில்:

வாங்குகிறவன் பக்கத்திலிருந்து ஒருவரும் பேசவில்லையே. நான் ஒரு ஸ்பின்னிங் மில்லில் எலக்ட்ரிகல் மேனேஜர். எங்களைப் போன்றவர்களிடம் வரும்போது சோலார்காரர்கள் படுகிற பாடு வேறு.

முதலில், எங்களுக்கு சோலார் புதுசு இல்லை, மாற்று மின்சாரம் என்பதே புதுசு இல்லை. பல்லடம், உடுமலை, ஆரல்வாய்மொழி என்று 90-களிலிருந்தே மில்கள் காற்றாலை வைத்திருக்கின்றன. அதனால் ஒரு சோலார் விற்பனையாளர் வந்து "யூனிட் இவ்வளவுக்கு விழும்" என்றால் எங்கள் முதலாளி உடனே காற்றாலைக் கணக்கை எடுத்து மேசையில் வைப்பார். அடுத்து குரூப் கேப்டிவ், அதாவது பல ஆலைகள் பங்கு போட்டுச் சொந்தத் தேவைக்கு வைத்துக்கொள்கிற மின்நிலையம். 26 சதவீதப் பங்கு எடுத்து 51 சதவீத மின்சாரத்தை நாங்களே பயன்படுத்தினால் தூத்துக்குடிப் பக்கமோ விருதுநகர்ப் பக்கமோ நிற்கிற சோலார் பார்க்கிலிருந்து எங்களுக்கு மின்சாரம் வரும், கூரையில் ஒரு ஓட்டை போட வேண்டாம். அதற்கும் மேல் மின்வாரிய இணைப்பு இருக்கவே இருக்கிறது. நான்கு கடை திறந்திருக்கும்போது எந்தக் கடைக்காரர் நம்மிடம் விலை பேச முடியும்? 500 கிலோவாட் டெண்டருக்குப் பதினொரு பேர் வந்தார்கள். மூன்று சுற்று குறைத்தோம். நான்காவது சுற்றுக்கு முதலாளி கூப்பிடச் சொன்னார், எனக்கே வெட்கமாக இருந்தது.

ஆனால் ஒன்று கவனியுங்கள். சோலாருக்கு உண்மையான எதிரி நிலக்கரியோ காற்றோ இல்லை, நேரம். மில் மூன்று ஷிஃப்ட் ஓடுகிறது. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பீக் ஹவர், உயரழுத்த இணைப்புக்கு 25 சதவீதம் கூடுதல் கட்டணம், அந்த நேரம் பார்த்து மாடியில் பேனல் தூங்குகிறது. மின்சாரச் சந்தையிலும் இதே கதைதான், நல்ல வெயில் நாளில் மதியம் விலை படுத்துவிடுகிறது, இரவில் பத்து ரூபாய் உச்சவரம்பை முட்டுகிறது. நாடு முழுக்கச் சோலார் அதிகமாக அதிகமாக மதிய யூனிட்டின் மதிப்பு குறையும். தனக்குத்தானே போட்டியாகிற சரக்கு இது. அதனால் இப்போதெல்லாம் எங்களிடம் வருகிறவர்களிடம் பேனல் விலையை நான் கேட்பதே இல்லை, பேட்டரி சேர்த்தால் ஏழு மணி யூனிட் என்ன விலைக்கு வரும் என்றுதான் கேட்கிறேன். பதில் தெரிந்தவர்கள் பதினொரு பேரில் இரண்டு பேர். அவர்களிடம் நான் பேரம் குறைவாகத்தான் பேசினேன்.

மொட்டைமாடி_திருச்சி:

நான் வீட்டுக்குப் போட்ட ஆள். பொருளாதாரம் தெரியாது. என் அனுபவத்தை மட்டும் சொல்கிறேன்.

2022-ல் 5 கிலோவாட் போட்டேன். ஐந்து கொட்டேஷன் வாங்கி இருப்பதிலேயே குறைந்ததை எடுத்தேன், ஈரோட்டுக்_கூரை திட்டுகிற ஆட்களில் நானும் ஒருவன். போட்டுவிட்டுப் போன நிறுவனம், பெயர் வேண்டாம், இரண்டாவது வருடம் காணவில்லை. போன் எடுக்கவில்லை, ஆபீஸ் இருந்த இடத்தில் டியூஷன் சென்டர். அந்தச் சமயம் பார்த்து இன்வெர்ட்டரில் சிவப்பு விளக்கு. சீனத் தயாரிப்பு, வாரண்டி ஐந்து வருடம் இருக்கிறது, ஆனால் வாரண்டியைக் கேட்க பில் போட்ட டீலர் வேண்டுமாம். இரண்டு மாதம், அதுவும் ஏப்ரல் மே, பேனல் சும்மா வெயில் காய்ந்தது. கடைசியில் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பார்த்தார். டிசி பக்கம் ஒரு கனெக்டர் உருகியிருந்தது, இன்வெர்ட்டருக்கு ஒன்றுமே இல்லை. அரை மணி நேர வேலை. அவர் 600 ரூபாய் கேட்டார், நான் 2,000 கொடுத்தேன், சந்தோஷமாகவே கொடுத்தேன்.

அதிலிருந்து எங்கள் தெருவில் பதினான்கு வீட்டுக்கு அவர்தான் பார்க்கிறார். வருடத்துக்கு நான்கு தடவை கழுவுவது, கனெக்டர் இறுக்குவது, ஆப்பில் யூனிட் பார்த்து குறைந்தால் போன் செய்வது. வீட்டுக்கு வருடம் 3,000. இவர் ஒரு பேனல்கூட விற்றதில்லை.

இன்னொரு விஷயம், விற்கப் போகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியது. என் தம்பிக்கு இரண்டு மாதத்துக்கு 180 யூனிட்தான் வரும். முதல் 100 யூனிட் இலவசம் போக அவன் கட்டுவது சொற்பம். அவனுக்கு எந்த மானியம் கொடுத்தாலும் சோலார் கட்டுப்படியாகாது, அவனிடம் போய் நிற்காதீர்கள். இரண்டு ஏசி ஓடுகிற வீடாகப் பாருங்கள், 500 யூனிட்டைத் தாண்டி ஸ்லாப் மாறியதும் பில்லைப் பார்த்து அவர்களே உங்களைத் தேடுவார்கள்.

திண்டுக்கல்_வயர்மேன்:

எல்லோருக்கும் நன்றி. மகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் படித்தேன். அவள் படத்தை அழித்துவிட்டு ஒவ்வொரு படிக்கும் தனித்தனியாகப் போடுகிறாள், பாலிசிலிக்கானுக்கு ஒன்று, செல்லுக்கு ஒன்று, கடைக்காரனுக்கு ஒன்று. "சோலார் தொழில்னு ஒண்ணு இல்லப்பா, அஞ்சாறு தொழில் ஒண்ணா நிக்குது" என்றாள். அதுவரைக்கும் ஃபீஸ் கட்டியது வீண் இல்லை.

திருச்சிக்காரர் சொன்ன அந்த 600 ரூபாய் எலக்ட்ரீஷியன்தான் என் மனதில் நிற்கிறார். கனெக்டர் உருகியிருப்பதை நானும் அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிடுவேன், அது எனக்குத் தெரிந்த வேலை. எட்டு லட்சத்தைப் பேனலில் முடக்காமல், ஒரு லட்சத்துக்குள் டிசி கிளாம்ப் மீட்டர், இன்சுலேஷன் டெஸ்டர், தெர்மல் கேமரா வாங்கிக்கொண்டு, கடை மூடியவர்கள் விட்டுப்போன வீடுகளை எடுத்தால் என்ன என்று யோசிக்கிறேன். எங்கள் ஊரில் அந்த இரண்டு கடைக்காரர்கள் போட்டதே நூறு வீட்டுக்கு மேல் இருக்கும்.

ஒரு சந்தேகம். அடுத்தவர் போட்டதில் கை வைத்தால் வாரண்டி போய்விட்டது என்று பிரச்சினை வருமா?

ஈரோட்டுக்_கூரை:

பேனலின் ஃபிரேமில் துளை போடாதீர்கள், இன்வெர்ட்டர் மூடியைத் திறக்காதீர்கள். மற்றபடி வெளியே இருக்கிற கனெக்டர், பெட்டி, எர்த்திங் எல்லாம் பார்க்கலாம். கனெக்டர் மாற்றும்போது ஆணும் பெண்ணும் ஒரே கம்பெனியாகப் போடுங்கள், வேறு வேறு கம்பெனியைச் சேர்த்து மாட்டியதுதான் பாதி இடத்தில் உருகுவதற்குக் காரணம். முதல் நாளே எல்லாவற்றையும் போட்டோ எடுத்து, சீரியல் நம்பரோடு வீட்டுக்காரரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால் பழைய விரிசலுக்கும் நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

அப்புறம், வீட்டுக்கு வருடம் 3,000 என்று ஆரம்பிக்காதீர்கள் அண்ணே. 4,000 சொல்லுங்கள். நூறு வீடு சேர்ந்ததும் எனக்குப் போன் பண்ணுங்கள், என் 340 வீட்டையும் யாராவது ஒழுங்காகப் பார்க்க மாட்டார்களா என்று நானே தேடிக்கொண்டிருக்கிறேன்.

பல்லடம்_ஸ்பிண்டில்:

அந்தத் தெர்மல் கேமராவை வாங்கியதும் எங்கள் மில்லுக்கு ஒரு தடவை வாருங்கள். 500 கிலோவாட்டைக் குறைந்த விலைக்குப் போட்டவர் இப்போது போன் எடுப்பதில்லை.